இடப்பக்கக் கண்ணாடி

கொணவட்டத்தில் போய் நிறுத்தும்போது
வண்டிக்கு வயது பதினொரு நாள்.
சீட்டின் பாலிதீன் உறையைக்கூட
கழற்ற விடவில்லை நான்.
ஆர்.சி. என் பெயரில், தவணையும் என் பெயரில்,
ஸ்டியரிங் மட்டும் இவருடையது.
மடியில் ஆறாயிரத்து இருநூறு.

இவர் முன்னால் நின்றே பார்க்கிறார் எல்லாவற்றையும்.
குரோம் பம்பர் கார்டு, மஞ்சள் பனிவிளக்கு,
நாலு குழல் ஏர் ஹாரன்.
இலவம்பாடிக் கத்தரிக்காய் ஏற்றப்போகும்
சின்ன யானைக்கு
நெற்றிப்பட்டம்போல ஒரு கறுப்பு வைசர்.

நான் பின்னால் நிற்கிறேன்.
பாலாற்றுப் பாலத்தில் ஒரு மழைநாள்
லாரிக்குப் பின்னே மொபெட்டில் போய்
வாய்க்குள் வரை சேறு வாங்கியவள்.
மட் ஃபிளாப்தான் முதலில் என்றேன்.
அப்புறம் ஒளிரும் டேப்.
விடியற்காலை மூணு மணிக்கு
நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பினால்
அணைக்கட்டு ரோட்டு இருட்டில்
நம் முதுகு யாருக்காவது தெரிய வேண்டும்.

இம்தியாஸ் பாய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
"கார்டு வாணாம் சம்பங்கி அண்ணே.
பம்பர்னா வளையணும், அதுக்குத்தான் கீது.
ஆர்டிஓ புடிச்சா கழட்ட இங்கதான் வருவீங்க,
கழட்டவும் காசு வாங்குவேன் நானு."
இவர் கார்டை விட்டார், பனிவிளக்கை விட்டார்.
வைசரை விடவில்லை.

லோகு டிரில்லிங் மெஷினோடு வந்தபோது
எனக்கு அடிவயிறு இழுத்தது.
முருங்கைக் கிளை உரசாமல், ஆடு ஏறாமல்
தள்ளித் தள்ளி நிறுத்தவைத்த தகடு.
காதுகுத்தும் வீட்டில் தாய்க்காரி
பின்கட்டுக்குப் போய்விடுவாள்.
நான் போகவில்லை.
"துரு ஏறாதா?"
"சும்மா வுட்டா ஏறும்மா" என்று
ஓட்டையின் உதட்டில் பிரைமர் தடவினான்.
சுருள் சுருளாய் உதிர்ந்ததில் ஒன்று
செருப்புக்குள் விழுந்து விரலிடுக்கில் சுட்டது.

டேப் ஒட்டுமுன் மூன்று முறை துடைத்தான்.
உள்ளே மாட்டிய குமிழியை
ஏடிஎம் கார்டால் ஓரம் தள்ளினான்.
இந்தக் கார்டுக்கு இது ஒண்ணுதான் வேலை என்றான்.

கடைசியில் கண்ணாடி.
"கம்பெனி கண்ணாடில எடப்பக்கம்
ஒரு ஆளு முழுசா ஒளிஞ்சிக்குவான்."
நம்பாமல் நானே ஏறி உட்கார்ந்தேன்,
பாலிதீன் கரகரக்க,
டிரைவர் சீட்டில், முதல்முறையாக.
பின்பக்கமிருந்து நடந்து வரச் சொன்னார் இவரை.
தெரிந்தார்.
தெரிந்தார்.
பின்சக்கரம் தாண்டிக் கதவை நெருங்கியதும்
இல்லை.
பதினாறு வருஷம் கூட இருக்கிற ஆள்,
அரக்குக் கட்டம்போட்ட சட்டை, கையில் டீ கிளாஸ்,
முணுமுணுத்தால் கேட்கிற தூரத்தில்
ஆளே இல்லை.
"தெரியுதா?"
குரல் மட்டும் வந்தது.

பாய் உருண்டைக் கண்ணாடியை முடுக்கித் திருகினார்.
வானம்.
திருகினார்.
கடைப் பலகையில் தலைகீழாகாத பாதி எழுத்து,
எதிர்ச்சாரி பஞ்சர் கடை டயர்கள்.
இன்னும் கால் சுற்று.
அப்போதுதான் வந்தார் இவர்,
கட்டைவிரல் அளவில், தலை பெருத்துக் கால் சிறுத்து
டீயை ஊதிக்கொண்டு.
"தெரியுதான்னு கேக்குறேன்ல?"
உடனே பதில் சொல்லவில்லை.
கொஞ்சநேரம் நிற்கட்டும்.

பில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஹாரன் தொங்கிய கொக்கியை இவர்
போகும்போது ஒருதரம் தொட்டுவிட்டு வந்தார்.

அணைக்கட்டு ரோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன்
இடப்பக்கம் ஒட்டியே சைக்கிள் மிதித்தான்.
இவர் கண் கண்ணாடிக்குப் போய் வந்தது.
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
மீதி முன்னூறை முடிச்சில் கட்டிவிட்டு
சீட்டு உறையைப் பிய்க்க ஆரம்பித்தேன்,
என் பக்கம் மட்டும்.