பழைய வானிலை

கட்டைவிரல் அளவில் ஒரு குச்சி.
அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகி
கூரை ஆன்டெனாவின் வயரை அதன் வாயில் திருகிவிட்டு
ஐமோ சொன்னான்:
"ஒரே அலைதான், ஹில்க்கா. ஒரு காம்பில் ஐந்து காய்.
காம்பைப் பிடித்துக்கொண்டால் போதும்,
எத்தனை வேண்டுமோ பறிக்கலாம்."
மறுநாள் இருட்டோடு எழுந்து
பனி உடைக்கும் கப்பலுக்குப் போய்விட்டான்.

மூன்று வாரம் கடல், மூன்று வாரம் வீடு.
பத்தொன்பது வருடமாகக் கெமியில் எங்கள் கல்யாணம்
இந்தக் கணக்கில் நடக்கிறது.
அப்படியானால் ஒன்பதரை வருடம்தானே ஆச்சு என்பாள்
மருந்துக்கடையில் என்னோடு நிற்கும் சானெல்மா.

அவன் எழுதிவைத்த தாளில் ஹாக்கி இருந்தது,
எட்டரை மணிச் செய்தியும் வானிலையும் இருந்தன,
பாதிகூடப் புரியாத ஸ்வீடிஷ் ஏலமொன்றும்
எதற்கென்றே தெரியாத ஒரு சமையலும்.
எல்லாம் ஒரே நேரத்தில் மோதின.
பெட்டி சளைக்கவில்லை.
நான்கு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன,
நான்கு பேர் ஒன்றாகப் பேச
முகம் மாறாமல் ஒருத்தி எழுதிக்கொள்வதுபோல.

நான் எதையும் பார்க்கவில்லை.
பெட்டிக்குள் விசிறி சுற்றுவது
அவன் மூச்சுவிடுவதுபோல் இருந்தது என்று சொன்னால் பொய்.
விசிறி விசிறி மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், வடக்கிலிருந்து காற்று.
சரியாகிறதா பார்க்கத் திரையைத் திறந்தேன்.
வானிலைக்காரி கடல்மேல் கை தூக்கினாள்,
கை தனியாக நின்றது,
கன்னம் பச்சைச் சதுரமாய் உதிர்ந்தது.
நான்கும் போயின.
காம்பே முறிந்தபின் எந்தக் காய்?

ஏணியில் ஏறினேன்.
ஆன்டெனாவின் ஒவ்வொரு எலும்பிலும் விரல் தடிமனுக்குப் பனி.
பனிச்சறுக்குக் கம்பால் தட்டினேன்,
திட்டினேன், யாரை என்று நினைவில்லை.
கடல் இருக்கும் பக்கம் ஒரு விளக்கும் இல்லை.
இறங்கி வந்தபோது
யாரோ அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.
பதினொரு நிமிடம்.

அவன் வந்தான்.
ஹாக்கியைத் தொடவில்லை, கோல் கணக்குக் கப்பலிலேயே தெரியுமாம்.
வானிலையை மட்டும் பார்த்தான்,
இருபத்தொரு இரவின் வானிலை, வரிசையாக.
"நாளை வளைகுடாவில் வினாடிக்குப் பதினெட்டு மீட்டர்" என்பாள் அவள்.
"இருபத்துமூன்று" என்று திருத்துவான் இவன்,
சோபாவில் சாய்ந்து,
விடைத்தாள் திருத்தும் வாத்தியார் மாதிரி.

செவ்வாய் வந்தது.
கை உயர்ந்தது, கன்னம் உதிர்ந்தது, உடனே வெங்காயம்.
கறுப்புகூட இல்லை.
வராததைப் பெட்டி எழுதிக்கொள்ளாது போலிருக்கிறது,
முன்னையும் பின்னையும் ஒட்டிவிட்டது, தையல்கூடத் தெரியாமல்.

"சின்னதாக ஒரு துள்ளல்," என்றான்.
"அந்தத் துள்ளலில் நான் கூரையில் இருந்தேன்," என்றேன்.

ரிமோட் அவன் கையில் சற்று நேரம் சும்மா இருந்தது.
"நாங்கள் அப்போது நின்றுவிட்டோம்," என்றான்,
"எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்று.
காபி குடித்தோம்."
வேறெதுவும் சொல்லவில்லை.

பின்னோக்கி ஓட்டினான்.
கை, கன்னம், வெங்காயம்.
இன்னொரு முறை.
வட்டில் இடமில்லை, எதையாவது அழி என்று
ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டம் கேட்டது.
ஏலத்தை அழித்தான். ஹாக்கியை, இறுதிப் போட்டியோடு.
திரும்ப ஓட்டினான்,
அந்த இடுக்கில் எங்காவது
என் பூட்ஸ் தெரியும் என்பதுபோலத்
திரைக்கு மிக அருகில் போய்.