நாற்பது கோடியில் அறுபது

கல்முனை பஸ் ஸ்டாண்டு வரிசையில
ஏழாவது ஓட்டோ என்னுடையது.
ஒன்பதரைக்குச் சந்தை திறக்கும் எண்டு
போனைத் தட்டினன்.
இந்தச் சந்தையில கத்தரிக்காய் இல்ல,
கருவாடும் இல்ல.
பச்சை எழுத்து, சிவப்பு எழுத்து.

ஆறாவது ஓட்டோ பேரின்பராசா
எட்டிப் பாத்தான்.
சூதா?
இல்ல.
வட்டியா?
சீ, இல்ல.
ரெண்டும் இல்லாமக் காசு
எப்பிடிடா குட்டி போடும்?

அவன் கேட்டதில ஞாயம் இருந்திச்சு.
மூணு மாசத்தில ரெட்டிப்பு எண்டு
டை கட்டி வந்தவனிட்ட
நுஸ்ஹாட தோட்டைக் குடுத்து ஏமாந்தவன் நான்.
ரெட்டிச்சது அவன்ட வீட்டு மாடி மட்டும்.

பங்குடா, எண்டன்.
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு
ஏழு வீடு சேர்ந்து மாடு எடுக்கிற மாதிரி.
திண்டா முடிஞ்சிருமே, எண்டான்.
இது அறுக்காத மாடு, எண்டன்.
சொன்ன எனக்கே சரியாப் படல்ல.

மறுகா ஆரோ ஏறினாங்க, வரிசை ஒண்டு நகர்ந்திச்சு.
வண்டியை உருட்டிக்கொண்டே யோசிச்சன்.

ஒன்ட மாமன் பாண்டிருப்புக் கரையில
வலை இழுக்கிறார்தானே?
வலைக்கு இவ்வளவு, தோணிக்கு இவ்வளவு,
கம்பாவில கை வெச்சவனுக்கு இவ்வளவு.
அந்த வலையில ஒரு கண்ணை நீ வாங்கினா?
கண்ணா?
ஒரே ஒரு கண்.
கீரி பட்டா, ஒரு கண்ணுக்கு உள்ளது வரும்.
படாட்டி?
வராது.
வலை கிழிஞ்சா ஒன்ட கண்ணும் கிழியும்.
கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.
சம்மாட்டி களவெடுத்தா?

அதுக்குத்தான் கணக்குப் புத்தகம்.
வருசம் ஒருக்கா தபாலில வரும்,
கலியாண அல்பம் மாதிரி மினுமினு எண்டு.
கடன் எவ்வளவு எண்ட பக்கத்தை மட்டும்
ரெண்டு ராவாப் படிச்சன்.
மிச்சத்தில நுஸ்ஹா கொப்பிக்கு உறை போட்டா.
மகள்ட புவியியல் கொப்பியில
கம்பனித் தலைவர் இப்பவும் சிரிக்கிறார்.

என்னிட்ட இருக்கிறது அறுபது பங்கு.
மொத்தம் நாற்பது கோடி.
விசுக்கோத்துக் கம்பனி. பேர் சொல்லமாட்டன்.
நாற்பத்திரண்டுக்கு வாங்கினன்,
பெற்றோல் காசில கை வெக்காம,
கரண்ட் பில்லில கை வெக்காம.
நாளைக்குத் தேவைப்படாத காசு
என்னிட்ட எவ்வளவு இருக்கு எண்டு
எண்ணிப் பாத்ததே அண்டைக்குத்தான்.
ரெண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.

முதல் வந்த பங்கிலாபம்
வரி போக அறுபத்து மூணு ரூபா எழுபத்தஞ்சு சதம்.
புத்தகம் அனுப்பின முத்திரை
அதைவிடக் கூட.

போன மார்கழி மழையில
கிட்டங்கித் தாம்போதியில
அந்தக் கம்பனி லொறி புதைஞ்சு நிண்டிச்சு.
முழங்கால் தண்ணி, காலைச் சுத்தி ஆற்றுவாழை.
இறங்கித் தள்ளினன்.
உனக்கென்ன, கூலி வேணுமா எண்டு
றைவர் சிங்களத்தில கேட்டான்.
நான் ஒன்ட முதலாளி எண்டு
நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சு.
கணக்குப் போட்டுப் பாத்தன்.
இந்த லொறியில எனக்குச் சேர்ற பாகம்
ஒரு நட்டில ஒரு புரி.
புரி எண்டாலும் என்ட புரி.
இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினன்.

இண்டைக்கு இருபத்தொன்பது. சிவப்பு.
எழுநூற்றி எண்பது ரூபா கடலில இருக்கு.
லொறி ஓடுது, கடைத் தட்டில பக்கற் குறையுது,
வலை கிழியல்ல எண்டு நினைக்கிறன்.
நினைக்கிறது மட்டும்தான்.

பேரின்பராசா தேத்தண்ணிக்கு
விசுக்கோத்துப் பக்கற் உடைச்சு
எனக்கும் ஒண்டு நீட்டினான்.
மற்றக் கம்பனிட.
வாங்கித் திண்டன்.
நல்லாத்தான் இருந்திச்சு.
அப்பதான்
முதல் தரம் பயந்தன்.