ஏற்கெனவே திறந்திருப்பதில் திற

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புது ஜன்னல்.
பதினேழு ஆனதும் மடிக்கணினியின் விசிறி
ஜெனரேட்டர் மாதிரி கத்தத் தொடங்கிவிடும்.
"ஓடுற எடிட்டருக்கே அனுப்பேன், சின்னக் கட்டளைதான்"
என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்
பகல் ஷிஃப்ட் மெஹ்ரின், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று.

ஃபுஜைராவில் இரவு ஒன்றே கால்.
கண்ணாடிக்கு வெளியே
எண்ணெய்க்கு முறை வராத கப்பல்கள்
விளக்கெரிய நின்றன, கடலுக்குள் ஓர் ஊர் போல.
நாளைய அட்டவணையில்
ஒரே ஓர் எண்ணைத் திருத்த வேண்டும் எனக்கு.

கட்டளையை அடித்தேன்.
காத்திருக்கிறேன் என்றது முனையம்.
கோப்பைக் காணோம்.
திறந்திருக்கிறது, ஆனால் என் கண்ணெதிரே இல்லை.
தேடிப் பார்த்தால்
சர்வரில் ஓர் எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது
நூற்று நாற்பது நாளாக.
எல்லோருக்கும் ஒரே பொதுக் கணக்கு;
திறந்து வைத்தவன் ததேயுஸ்.
விசா ரத்தாகி அவன் விமானம் ஏறி
ஏழு வாரம்.

உள்ளே போனேன்.
கறுப்பில் மஞ்சள் எழுத்து.
மூலையில் கடிகாரம், ஊர் நேரத்தில்: இரண்டே முக்கால்.
என் கோப்பு அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.
பக்கத்தில் இன்னொன்று,
பெயர் வைக்காதது, சேமிக்காதது.

விற்பவை.
வாஷிங் மெஷின் 90
இரும்புக் கட்டில், டபுள் 60
ரைஸ் குக்கர் 15
சின்ன சைக்கிள், அட்டை பிரிக்கவில்லை 40
ஃபிரிட்ஜ் சும்மா. கதவு நிற்காது, நாற்காலி முட்டுக் கொடுக்கவும்.

படித்திருக்கக் கூடாது.
அதைவிடக் கூடாத ஒன்றைச் செய்தேன்.
செய்ததைத் திரும்பப் பெறும் விசை இருக்கிறதே,
அதை அழுத்தினேன்.

சும்மா போய் 50 வந்தது.
50 போய் 120.
சைக்கிள் 70 ஆனது, 110 ஆனது.
ஓர் அழுத்தில் நாற்காலி மறைந்து
ஃபிரிட்ஜ் கதவு குணமானது.
அழுத்த அழுத்த விலையெல்லாம் ஏறி
கடைவிலையில் போய் முட்டி நின்றது.
அடுத்த அழுத்தில் தலைப்பே மாறிவிட்டது:
வாங்க வேண்டியவை.
சைக்கிளுக்கு எதிரே விலை இல்லை.
நிறம், ஜெனிட்டாவிடம் கேட்க.
அதற்கும் முன்னால் வெற்றுப் பக்கம்,
சிமிட்டும் ஒரு கோடு.

அங்கேயே விட்டுவிட்டு வரலாம் போலிருந்தது.
யார் கேட்கப் போகிறார்கள்?
கொஞ்ச நேரம் கப்பல்களைப் பார்த்தேன்.
பிறகு வந்த வழியே
ஒவ்வோர் அடியாகத் திரும்பினேன்,
110, 70, 40, சும்மா,
நாற்காலி வரைக்கும்.

என் எண்ணைத் திருத்தினேன்.
என் கோப்பை மட்டும் மூடினேன்.
அந்தப் பக்கம் முனையம் சத்தமில்லாமல் என்னை விட்டது.
எடிட்டரை நிறுத்தவில்லை.
வியாழக்கிழமை சர்வரை அணைத்து எழுப்புவார்கள்,
அதற்குமேல் என் பொறுப்பில்லை.
சேமிக்கப் போனால் பெயர் கேட்கும்.
என்ன பெயர் வைக்க?

காலையில் ஃபசீலுக்குத் திரும்பினேன்.
அறையோடு வந்த ஃபிரிட்ஜ்
வழக்கம்போல் பாதி திறந்து
விளக்கெரிந்து கிடந்தது.
பால் திரிந்திருந்தது.
ஏழு வாரமாக நான் வைத வசவையெல்லாம் கேட்டுக்கொண்டு
சுவரோரம் நின்ற பிளாஸ்டிக் நாற்காலியை
இழுத்துவந்து
முட்டுக் கொடுத்தேன்.