முப்பது டன்னும் முப்பது கிராமும்

க்டீனியா துறைமுகத்தில் என் கிரேனுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி.
எண்பதாவது படியில் மூச்சுக்கு நான் நின்ற நேரத்தை
கீழே எவனோ கடிகாரத்தில் பார்த்திருக்கிறான்.
துறைமுக மருத்துவர் தலை நிமிராமல் எழுதினார்:
ஜூனுக்குள் பதினாறு கிலோ.
இல்லையென்றால் தரையில் வேலை, திரு. லெஷெக்.

தரையில் வேலை என்றால்
இருபத்திரண்டு வருடமாக என் காலுக்குக் கீழே போன பெட்டிகள்
இனி என் தலைக்கு மேல் போகும்.

சனிக்கிழமை சமையலறையில் சரக்கு இறக்கினேன்,
மேல்தட்டிலிருந்து ஆரம்பித்து.
புகையில் வாட்டிய சாசேஜ் இரண்டு வளையம்.
வெங்காயத்தோடு உருக்கிய பன்றிக்கொழுப்பு ஒரு ஜாடி.
இரவு ஷிப்ட் முடியும்போதெல்லாம் வாங்கிய சிப்ஸ்,
பாதிப் பை பாதிப் பையாக ஏழு.
மயோனைஸ். அதன் பின்னால் இன்னொரு மயோனைஸ்.
விவாகரத்தான வாரத்தில் வாங்கிய
சாக்லேட் தோய்த்த பிளம் மிட்டாய், கல்லாகியிருந்தது.
ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன்.
நேரமெடுத்தது. கரைந்தது.

பிறகு சந்தைக்கூடம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
டப்பாக்களின் முதுகைப் படித்தேன்.
முன்பக்கம் முழுத்தானியம், பின்பக்கம் சர்க்கரை.
மனிதர்கள் கொஞ்சம் பரவாயில்லை.
வறுத்த பக்வீட் மூன்று கிலோ,
பீப்பாயிலிருந்து அள்ளிய புளித்த முட்டைக்கோஸ்,
கேஃபிர் ஆறு பாட்டில், பச்சைப் பயறு,
வெள்ளையாய் ருசியற்று அமர்ந்திருந்த பாலாடைக்கட்டி,
தோலோடு தின்ன வேண்டிய ஆப்பிள்கள்.
முள்ளங்கிக்காரி நான் கேட்ட கட்டின் மேல்
இன்னொரு கட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்:
‘வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?’

வேஃபரை மட்டும் எறிய மனம் வரவில்லை.
பன்னிரண்டு பாக்கெட், பிரிக்காதவை.
நான் தரைத்தளம். போகுமிவா நான்காம் மாடி.
லிஃப்ட் இல்லாத கட்டடம்.
‘உன் வீட்டில் இருக்கட்டும்.
நான் எவ்வளவு கெஞ்சினாலும் ஒன்றே ஒன்று’ என்றேன்.
டிராலிபஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் சோதித்தவள்,
அவள் பார்க்காத கெஞ்சலா?

மேலே கேபினில் திரை சொல்கிறது: முப்பது டன்.
மடியில் டப்பாவில் வால்நட், முப்பது கிராம்.
இரண்டையும் ஒரே கவனத்தோடு இறக்குகிறேன்.
முன்பெல்லாம் சாசேஜ் தோலுக்காக
மணிக்கணக்கில் காத்திருந்த கடற்புறா
கண்ணாடி வழியே என் கேரட் துண்டுகளைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
பறந்துவிட்டது.

பகலில் பசி நாகரிகமானது.
இரவு பதினொன்றுக்குத்தான்
செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.
நான்கு மாடி ஏறுவேன்.
அவள் கதவைக் கால்வாசி திறப்பாள்,
கை வரும், கையில் ஒரு வேஃபர்.
கதவு சாத்தும்.
இறங்கும்போது இரண்டாம் மாடியிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு கதவு பாதி திறந்தது.
பிறகு தேநீர், சர்க்கரை இல்லாமல், அவள் கட்டளை.

ஏப்ரலில் ஓர் இரவு கை வரவில்லை.
‘தீர்ந்துவிட்டது’ என்றாள்.
‘பன்னிரண்டு பாக்கெட்டுமா?’
‘நீ ஒவ்வொரு தடவை இறங்கிப் போனதும்
எனக்கு ஒன்று வேண்டியிருந்தது.
சில இரவு இரண்டு.
நீ வராத இரவுகளைக் கேட்காதே.’
அவள் ஸ்கர்ட்டின் பட்டன்
ஒரு விரற்கடை தள்ளித் தைத்திருந்தது,
நூல் வேறு நிறம்.
சிரிக்க வந்தது. சிரிக்கவில்லை.

மறுநாள் பாதிப் பை பக்வீட்டும்
முள்ளங்கி ஒரு கட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
வேகவைத்தாள். உப்பு போட மறந்தாள்.
இருவரும் குறை சொல்லிக்கொண்டே
பாத்திரத்தை வழித்தோம்.

எடை எந்திரம் இன்னும் ஐந்து கிலோ பாக்கி என்கிறது.
அது கடன்காரன், அப்படித்தான் பேசும்.

இன்று காலையும் எண்பதாவது படியில் நின்றேன்.
மூச்சுக்கு அல்ல.
பனிமூட்டம் விலகி, ஹெல் தீபகற்பம்
கத்தி விளிம்பாகத் தெரிந்தது.
கீழே இருப்பவன்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.