மூன்று சுழி

புதுவயல் அரிசி ஆலையில்
இரவு முறை எடைமேடை என்னுடையது.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.
விடுமுறையில் வந்த கண்ணாத்தாள்
ஈட்டியோடு ஒருநாள் இதில் ஏறி நின்றாள்.
அறுபது என்றது.
ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.
அறுபது என்றது.
"உங்க மில்லுல இதுக்கு மதிப்பே இல்லடி."
அறுநூறு கிராம்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே
போனில் செய்தியோடை திறந்திருக்கும்.
ஓடை என்று யார் பேர் வைத்தார்களோ.
எங்கள் பக்கத்து ஓடையில் கார்த்திகை போனால் மணல்தான்;
இதில் வருஷம் முழுக்க வெள்ளம்.
விளையாட்டு என்று கேட்டேன், கிரிக்கெட் வந்தது.
கிரிக்கெட் வேண்டாம் என்றேன்,
கிரிக்கெட் வீரரின் கல்யாணம் வந்தது.
ஈட்டி என்று போட்டேன்:
மூன்றாம் காலாண்டில் லாபம் ஈட்டிச்
சாதனை படைத்த வங்கி வந்தது,
வருவாய் ஈட்டித் தந்த வாழைத்தார் ஏலம் வந்தது.
கடைசியில் அவள் பேரையே போட்டேன்.
வந்தாள்,
நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள்.
உண்டியல் எண்ணிக்கையில் வந்தாள்.
செவ்வாய்ப் பொங்கலுக்கு
முதல் பானை யார் வைப்பது என்று
குடத்தில் கைவிட்டு எடுத்த சீட்டில் வந்தாள்.
கண் கொடுக்கிறவள் தினமும் கண்ணில் பட்டாள்,
புவனேஸ்வருக்கு ரயிலேறியவள் படவில்லை.

காரைக்குடி மைதானத்தில்
நான் எறிந்ததே இல்லை. டேப் பிடிப்பேன்.
ஈட்டி குத்திய செம்மண்ணில்
முனையை வைத்து அழுத்தி உட்கார்ந்திருப்பேன்.
மறுமுனையை அவள் கோடுவரை இழுத்துப் போவாள்.
பூஜ்யம் என் கையில், எண் அவள் கையில்.
அங்கிருந்து கத்தினால்தான்
எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

போட்டி திங்கள் சாயங்காலம்.
தோற்றால் போன் எடுக்க மாட்டாள்.
ஜெயித்தாலும் சார்ஜ் போட மறந்திருப்பாள்.
செவ்வாய் முழுக்க ஓடையில் பொங்கப் பானைகள்,
எட்டு நூறு, ஒன்பது நூறு, புகை.
புதனும் போயிற்று.
மூன்று தடவையும் கோட்டை மிதித்துவிட்டாள்,
மூன்று தடவையும் சிவப்புக் கொடி என்று
நானே எழுதி நானே வாசித்துக்கொண்டேன்.

வியாழன் விடியப் போகிற நேரம்.
நெல்லில் ஈரம் அதிகம் என்ற தகராறில்
ஒரு லாரி மேடைக்கு வராமல் நின்றது.
வேலையில்லாத விரல்
எதையோ திறந்து கடைசிவரை தள்ளியது.
நடைப்போட்டிக்கும் தொடரோட்டத்துக்கும் அடியில் இருந்தது:
தமிழகத்தின் கன்னாத்தாள்
51.38 மீட்டருடன் நான்காமிடம்.

மூணு சுழி வரவேண்டிய இடத்தில் ரெண்டு சுழி.
அந்த ஒரு சுழிக்குள்
அவ்வளவு பெரிய பொம்பளை
மூன்று நாள் விழுந்து கிடந்திருக்கிறாள்.
மூன்றாமிடம் 51.44.
ஆறு சென்டிமீட்டர்,
டேப்பை அழுத்தி அழுத்தி
நகம் தேய்ந்த என் கட்டைவிரல் அளவு.

பேரைத் தப்பா போட்டிருக்கான்டி என்று அனுப்பினேன்.
ஐந்தேகாலுக்குப் பதில்:
"தப்பாவே இருக்கட்டும்.
நாலாவது வந்தது அவ. நான் இன்னும் எறியல."

ஆனாலும் ஓடையில் இறங்கினேன்.
கன்னாத்தாள் என்று போட்டேன்.
கண்ணாத்தால். கண்னாத்தாள். கன்னத்தாள்.
தமிழில் எத்தனை விதமாய் அவளைத் தொலைக்கலாமோ
அத்தனைக்கும் ஒரு கண்ணி வைத்தேன்.
முதலில் விழுந்தது ஒரு பெயர்மாற்ற அறிவிப்பு:
கன்னாத்தாள் ஆகிய நான்
இன்றுமுதல் கவிப்பிரியா என்றே அழைக்கப்படுவேன்,
முகவரி ஆறாவயல்.
நீக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆரன் அடிக்கிறார்கள்.
தகராறு தீர்ந்து லாரி ஏறியது.
இருபத்தெட்டாயிரத்து நானூற்றெழுபது.
டிரைவர் பேரைக் கேட்டேன், சொன்னார்.
"எழுத்தெழுத்தாச் சொல்லுங்கண்ணே" என்றேன்.