மோதிர லென்ஸ்

கொக்குவில் கிணற்றுத் தண்ணி கொதித்தால்
கேத்திலின் அடியில் வெள்ளைப் பாறை வளரும்.
மாதம் ஒருக்கால் தர்மினி
தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துச்
சுரண்டுவாள், ஏசுவாள்.
அதே தண்ணியை, ஒன்றும் கலக்காமல்,
மூன்றடித் தொட்டியில் நிரப்பினேன்.
மலாவி ஏரியின் மஞ்சள் சிக்லிட்டுகள்
தங்கட ஊர்த் தண்ணி என்று நம்பிவிட்டன.

"அப்பு பிடிச்ச மீன் கிலோக் கணக்கு,
நான் விக்கிறது சோடிக் கணக்கு"
என்று சிரித்தான் குருநகர் எமில்டன்,
பொலித்தீன் பையின் வாயை முடிந்தபடி.

என்னிடம் இருப்பது மோதிரம் எடுக்கிற லென்ஸ்.
கொடியின் முடிச்சு, மருதோன்றி விரல்,
மாப்பிள்ளையின் நகத்தில் ஒட்டிய குங்குமம்.
"இன்னொருக்கால் கட்டுற மாதிரிப் பிடியுங்கோ"
என்றால் பிடிப்பார்கள்.
மீனிடம் அது எடுபடாது.

ஆண் மீன் மணலைக் குழித்து
உடம்பு முழுக்க நடுங்கியது.
அதன் அடிச் செட்டையில் இரண்டு மஞ்சட் பொட்டு:
பொய் முட்டை.
இட்டதை இட்ட கையோடு வாயில் அள்ளியவள்
ஏதோ விடுபட்டுப்போச்சு என்று
அந்தப் பொய்யையும் கொத்தப் போனாள்.
கொத்திய வாய்க்குள்தான்
கருக்கட்டியது.

அந்த நொடிக்கு பிளாஷ் அடித்தேன்.

படம் துல்லியம். செதில் எண்ணலாம்.
மூன்றாம் நாள் தீனி போட
முதல் ஆளாய் வந்தாள், தாடை ஒட்டிப்போய்.
துப்பவில்லை. மணலெல்லாம் தேடினேன்.
விழுங்கியிருக்கிறாள்.
"படம் வந்துதோ?" என்றாள் தர்மினி, சோறு போட்டபடி.
வந்தது என்றேன்.

வைகாசியில் மறுபடி.
இம்முறை பிளாஷ் அலுமாரிக்குள்.
கலியாணப் பின்திரைக் கறுப்புத் துணியால்
முக்காலியையும் என்னையும் மூடிக்கொண்டேன்.
கரண்ட் போன இரவுகளில்
மோட்டார் சைக்கிள் பற்றரியில் காற்றுப் பம்ப்.
அவளுக்குத் தலை பெருத்தது, வயிறு வற்றியது.
மெல்லுவதுபோல் தாடை அசையும்;
மெல்லவில்லை, புரட்டுகிறாள்.
ஒரு மணியும் தின்னவில்லை.
பால்காரன் கணக்குக் கலண்டரில்
தர்மினி பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள்,
நான் கேட்கவில்லை.
பதினாறாம் கோட்டன்று அவள்தான் கண்டாள்:
"வாய்க்குள்ள கண்ணுகள்."

இருபத்திரண்டாம் நாள், விடிய ஐந்தரை,
மானிப்பாய்க் கலியாணத்துக்குப் புறப்படும் அவசரத்தில்
துணி தோளில் இருந்து வழுவியதைக் கவனிக்கவில்லை.
வாய் திறந்தது.
ஒன்று. பிறகு ஐந்தாறு. பிறகு
எண்ண முடியாத ஒரு சிதறல்.

மணவறைக்குப் பின்னால் நின்று
கமராவின் குட்டித் திரையில் பார்த்தேன்.
தாய் மங்கல். கல் துலக்கம்.
கண்ணாடியில் விழுந்த என் முகம் அதைவிடத் துலக்கம்,
பெனியனும் தெரிகிறது.
திறந்திருந்த என் வாய்க்குள்
பதினேழு குஞ்சுகள்.

அழிக்கவில்லை. இரவு தர்மினியிடம் நீட்டினேன்.
விரலால் பெருப்பித்து, பதினேழையும் எண்ணி,
திருப்பித் தந்தாள்:
"சேவ் எடுத்திருக்கலாம்."