நிறுத்துப் பார்த்தல்

மூன்று கடிதங்களும்
'வாழ்த்துகள் சம்யுக்தா' என்றுதான் தொடங்கின.
சமையல்மேடையில் பரப்பி
ஓரத்தில் உப்பு டப்பாவை வைத்தேன்,
ஹீட்டர் காற்றில் பறக்காதிருக்க.

டொலீடோவில் ஏப்ரல் கடைசி வாரம்.
பனி போய்விட்டது, குளிர் போகவில்லை.

பல் டாக்டர் ஆபீஸில் பில் போடுகிறவள் நான்.
இன்சூரன்ஸ்காரன் எதைக் கொட்டை எழுத்தில் சொல்வான்,
எதை நட்சத்திரக்குறி போட்டு
காகிதத்தின் காலடியில் புதைப்பான் என்று
பதினோரு வருஷப் பழக்கம்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

கிழக்குக் கடற்கரைக் கல்லூரி
'உங்களுக்கான உதவி' என்று
மூச்சு நிற்கிற மாதிரி ஒரு தொகை எழுதியிருந்தது.
உள்ளே நுழைந்து பார்த்தால்
பாதி, பின்னால் அவள் கட்ட வேண்டியது.
கொஞ்சம், இப்போதே நாங்கள் கட்ட வேண்டியது.
இன்னும் கொஞ்சம்
நூலகத்தில் புத்தகம் அடுக்கி அவளே சம்பாதிக்க வேண்டியது.
பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு
இலையை நம்மையே கொண்டுவரச் சொல்வது போல.

இன்னொன்று உள்ளூர்க் கல்லூரி,
பஸ்ஸில் இருபது நிமிடம்.
நான்கு வருஷமும் இலவசம்,
மதிப்பெண் சராசரி மூன்றரைக்குக் கீழே
ஒருமுறைகூடச் சரியாதிருந்தால்.
"கெமிஸ்ட்ரி கவுத்துட்டா?" என்றாள்.
அந்த வரியின் கீழும் சிவப்புக் கோடு.

பழனிவேல் ஷூவைக் கழற்றாமலே
நின்றபடி படித்தார்.
"நம்மால இவ்வளவு கட்ட முடியும்னு போட்டிருக்கான்.
யார் சொன்னா?"

நீங்கள்தான் சொன்னீர்கள்.
படிவம் பார்த்தது இந்த வருஷத்தை அல்ல,
போன வருஷத்துக்கும் முந்தினதை.
கண்ணாடி ஆலையில்
உலை ராவும் பகலும் எரிந்த வருஷம்.
ஞாயிறும் ஓவர்டைம், தீபாவளியும் ஓவர்டைம்.
அவள் வயலின் வாசித்த மூன்று மாலைகளிலும்
என் பக்கத்து நாற்காலியில்
என் கோட்டுதான் உட்கார்ந்திருந்தது.
அந்த ராத்திரிகள் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகி
இப்போது அவளுக்கு எதிராகச்
சாட்சி சொல்கின்றன.

ஜனவரியில் இரண்டாவது உலையை மூடினார்கள்.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கட்டம் இல்லாததைக் கடிதமாக எழுதினேன்.
சம்பளச் சீட்டு, ஆலை ஒட்டிய நோட்டீஸ்,
வீட்டுக் கடன் கணக்கு.
'சிறப்புச் சூழ்நிலை' என்று தலைப்பிடச் சொன்னார்கள்.
நன்றாகத்தான் இருக்கிறது சிறப்பு.

நான்கு நாள் கழித்து
கிழக்கிலிருந்து மார்லீன் என்ற பெண் கூப்பிட்டாள்.
நல்லவள். குரலிலேயே சங்கடம்.
ஆயிரத்து எண்ணூறு டாலர் கூட்டியிருப்பதாகச் சொன்னாள்.
நன்றி சொல்லி வைத்துவிட்டுக்
கழித்துப் பார்த்தேன்.
பள்ளம் பள்ளமாகவே இருந்தது,
ஒரு கூடை மண் மட்டும் விழுந்திருந்தது.

எடை போட்டாலும் நிறுத்து.
போதும், விடு என்றாலும் நிறுத்து.
ராத்திரி இரண்டு மணிக்குக் கால்குலேட்டரோடு
இரண்டில் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்று
எனக்கே தெரியவில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம்
சம்யு உப்பு டப்பாவை நகர்த்தி
நடுக் கடிதத்தை எடுத்தாள்.
கொலம்பஸ் பக்கத்தில் ஏதோ ஊர்.
பேர் பெற்ற இடமா, இல்லை.
மூன்றில் மலிவா, அதுவும் இல்லை.
"ஏன்டி இது?"

"இதுல நீ சிவப்பே போடலையே, அம்மா."

வாங்கித் திருப்பினேன்.
உண்மைதான்.
கடன் என்கிற இடத்தில்
கடன் என்றே எழுதியிருந்தது,
மாதம் எவ்வளவு, கட்டி முடிக்கும் வருஷம் எது என்பதோடு.

முன்பணம் இருநூற்றைம்பது.
என் கார்டை நீட்டினேன். அவர் தன்னுடையதை நீட்டினார்.
ஐஸ்கிரீம் கடையில் சேர்த்ததிலிருந்து
அவளே கட்டிவிட்டாள்.

அந்தக் கடைசி வருஷத்தில்
அவளுக்கு முப்பத்திரண்டு நடக்கும்.
பழனிவேல் விரல்விட்டு எண்ணி
தன் வயதையும் கூட்டிப் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
நைட் ஷிப்டுக்கு
ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினார்.